கிரேட் ஈஸ்டர்ன் வாசலில் ஒரு வட்டிக் கணக்கு

2003இல் எனக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றல். லேக் மார்க்கெட் பக்கம் வீடு, டல்ஹௌசியில் ஆபீஸ். அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டல். டேவிட் வில்சன் என்ற ரொட்டிக்காரர் ஆரம்பித்து 160 வருஷம் ஆகியிருந்தது. 1970களில் மாநில அரசின் கைக்கு வந்து, நஷ்டத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. 90களில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கொடுக்கப் பார்த்தார்கள், தொழிற்சங்கம் விடவில்லை. அப்போது மறுபடியும் விற்பனைப் பேச்சு.

வேடிக்கை என்னவென்றால், விற்கத் துடித்ததும் செங்கொடி அரசு, வாசலில் "சோல்பே நா! சோல்பே நா!" (நடக்காது, நடக்காது) என்று வங்காளியில் கத்தியதும் செங்கொடிச் சங்கம்.

எதிரே டீக்கடையில், அந்த ஹோட்டலில் பரிமாறும் பேரர் ஒருவர் பழக்கம். பீகார்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். காலையில் கோஷம் போட்ட தொண்டை கட்டியிருக்க, மதியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சிகரெட் அட்டையைப் பிரித்து உட்புறத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தார்.

"தாதா, நீங்கள் அக்கவுண்ட்ஸ்தானே? இதைக் கொஞ்சம் பாருங்கள்."

விருப்ப ஓய்வுப் பணத்தை போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் போட்டால் என்ன வரும் என்ற கணக்கு. அப்போது வட்டி 8 சதவீதம். 3 லட்சத்துக்கு மாதம் 2,000 ரூபாய். அவர் 2,400 என்று போட்டிருந்தார். திருத்திக் கொடுத்தேன். அட்டையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மூணு வேளை சாப்பாடு இங்கேயே ஆயிற்று, அதை இதில் எங்கே எழுதுவது?" என்றார். என்னிடம் பதில் இல்லை, டீக்குக் காசு கொடுத்தேன்.

மறுநாள் பார்த்தால் ஊர்வலத்தில் முன்வரிசையில் நிற்கிறார்!

2005இல் ஹோட்டல் கைமாறியது, மூடிப் புதுப்பித்து 2013இல்தான் திறந்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டதாக டீக்கடைக்காரர் சொன்னார்.

---

மேலே எழுதிய சாருக்கு: என் அப்பாவும் ஓர் அரசு ஹோட்டலில் சமையல்காரர். மூடப் போகிறார்கள் என்றதும் விருந்தாளிகள் நின்றுவிட்டார்கள். அப்பா மட்டும் தினமும் மாவு அரைத்தார், இட்லியெல்லாம் வாசலில் உண்ணாவிரதப் பந்தலுக்குத்தான் போகும். உண்ணாவிரதத்தில் இட்லியா என்று கேட்காதீர்கள். ஆள் மாற்றி ஆள் உட்காரும் தொடர் உண்ணாவிரதம் சார், ஷிஃப்ட் முடிந்தவர்களுக்குப் பசிக்காதா?