அம்மாவின் இரத்த மாதிரி: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். முப்பது வருஷம் பால்மரம் சீவிய எங்கம்மாவுக்கு அல்சைமர் என்ற மறதி நோய். நேற்று தேத்தண்ணி குடித்த கிளாஸை, ரப்பர் பால் சேரும் மங்கைத் துடைப்பதுபோல விரலால் வழித்துக்கொண்டே இருந்தார். என் பெயர் வரவில்லை.

ஓர் ஆய்வுக்கு அவர் இரத்தம் கேட்கிறார்கள். மரபணு, அதன் செய்தியை எடுத்துச்செல்லும் ஆர்என்ஏ, புரதம், உடலின் வேதிமாற்றங்களில் உண்டாகும் வளர்சிதைப் பொருள்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் மல்டி ஓமிக்ஸ் முறை. ஏபிஓஇ4 என்ற மரபணு வகை இருந்தால் அல்சைமர் வரும் ஆபத்து கூடும், ஆனால் நோய் வந்தே தீரும் என்றில்லை. அதனால்தான் மற்றவற்றையும் பார்க்கிறார்கள். இத்தகைய தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் இரத்தமும் அதில் இருக்கவேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது கொடுத்திருக்கிறீர்களா? மரபணு முடிவை நம்மிடம் சொல்வார்களா? அம்மாவின் மரபணு எங்களுக்கும் வந்திருக்கலாம் என்பதால் எனக்கும் தங்கைக்கும் அது முக்கியம். சம்மதப் படிவம் மலாய் மொழியில் இருக்கிறது. மருத்துவம் படித்த யாராவது அப்பாவுக்குத் தமிழில் விளக்கமுடியுமா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.