ஐரிஷில் 'தாம்' சரி, 'தா மே' சரி, 'தாம் மே' மட்டும் ஏன் தப்பு?

டப்ளின் அப்பா:
மகளுக்குப் பள்ளியில் ஐரிஷ் பாடம் உண்டு, வீட்டுப்பாடத்துக்குக் கூட உட்கார்ந்தே நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். 'களைப்பாக இருக்கிறேன்' என்பதற்கு 'தாம் மே திர்ஷக்' என்று எழுதச் சொன்னது நான்தான், டீச்சர் 'மே'யை அடித்துவிட்டார். பாடப்புத்தகத்திலோ 'தா மே' என்று பளிச்சென்று இருக்கிறது! 'மே' என்றால் 'நான்'தானே? போடலாமா, கூடாதா?

மொழிப்பித்தன்:
தமிழ்ப் பழக்கம் காலை வாரிவிட்டது. நமக்கு 'இருக்கிறேன்' என்றாலே ஆள் தெரிந்துவிடும், அதற்கு முன்னால் 'நான்' வந்தாலும் தப்பில்லை. ஐரிஷில் 'தாம்' கடைசியில் இருக்கிற அந்த 'ம்'தான் 'நான்', அது உள்ளே இருந்தால் வெளியே 'மே' வரக்கூடாது. வெறும் 'தா' என்றால் மே (நான்), தூ (நீ), ஷே (அவன்) என்று யாராவது வந்தே ஆகவேண்டும். அயர்லாந்தின் தெற்கே மன்ஸ்டர் மாகாணத்தில் 'தாம்' அதிகம், மேற்கே கானாக்ட், வடக்கே அல்ஸ்டர் பக்கம் 'தா மே'. 1958-இல் வந்த தர இலக்கணம் இரண்டையும் ஏற்கிறது. ஆனால் இதை எல்லா வினைக்கும் நீட்டிவிடாதீர்கள், 'எனக்குப் புரிகிறது' என்றால் 'திகிம்'தான், 'திகன் மே' என்று எழுதினால் அதையும் அடிப்பார்கள்.

கொச்சிவாசி:
மலையாளம் தெரிந்தால் 'தா மே' சட்டென்று பிடிபடும். ஞான் வந்நு, அவள் வந்நு, வினை அசையவே அசையாது, ஆளை நாம்தான் சொல்லவேண்டும். மன்ஸ்டர்காரர்கள் தமிழ்க் கட்சி. 'இருந்தேன்' என்பதற்கு 'வீஸ்' என்ற ஒரே சொல் அவர்களிடம் உண்டு, மற்ற இடங்களில் 'வீ மே'.

டப்ளின் அப்பா:
சரி, 'நான்தான்' என்று அழுத்திச் சொல்ல என்ன செய்வார்கள்? 'மே'யும் போடக்கூடாது என்கிறீர்களே.

மொழிப்பித்தன்:
வாலை நீட்டுவார்கள். 'தாம்' என்பது 'தாம்ஷ' ஆகும், 'தா மே' என்பது 'தா மிஷ' ஆகும். நிஜமாகவே 'நான்' காணாமல் போகிற இடம் ஒன்று உண்டு, அது பதிலில். ஐரிஷில் ஆமாம், இல்லை என்று தனிச் சொல் கிடையாது, வினையைத்தான் திருப்பிச் சொல்லவேண்டும். 'அன் வில் தூ திர்ஷக்?' (களைப்பாக இருக்கிறாயா?) என்று கேட்டால் வெறும் 'தா' போதும், 'மே' வேண்டாம். நாம் 'சாப்பிட்டாயா?' என்றால் 'சாப்பிட்டேன்' என்கிறோமே, அதே வழிதான். அப்புறம் ஒரு வேடிக்கை, 'நான் இருந்திருப்பேன்' என்பதற்கான ஐரிஷ் சொல் காதில் கிட்டத்தட்ட 'வேன்' என்றே விழும். நம் 'செய்வேன்', 'வருவேன்' விகுதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் நான் அதை மறக்காமல் இருப்பது அதனால்தான்.

டப்ளின் அப்பா:
நாளைக்கே மகளிடம் 'அன் வில் தூ திர்ஷக்?' கேட்டுப் பார்க்கிறேன். வீட்டுப்பாட நேரத்தில் கேட்டால் பதில் 'தா'வாகத்தான் இருக்கும்.