வடக்குமாசி வீதி வீட்டார்: ஞாயிற்றுக்கிழமை முட்டைப் பஞ்சாயத்து

காலை 7.08

ஈபி சித்தப்பா: (ரோஜாப்பூ படம்) இனிய ஞாயிறு காலை வணக்கம்.

அம்மா: வணக்கம். அங்கே மழை உண்டா?

ஈபி சித்தப்பா: ராத்திரி லேசாகத் தூறியது. அவ்வளவுதான் மதினி.

காலை 7.41

தம்பி (பெங்களூரு): (படம்)

தம்பி (பெங்களூரு): இன்றைய டிபன். ஏர் பிரையரில் (சூடான காற்றை அடித்து வேகவைக்கும் மெஷின்) போச்டு எக். முதல் முயற்சி. யாரும் சிரிக்கக் கூடாது.

நான்: என்னடா இது, மேலே செருப்புத் தோல் மாதிரி இருக்கிறது?

தம்பி (பெங்களூரு): மேலே தோல், கீழே சளி. கரண்டியை விட்டால் வழவழவென்று ஒழுகுகிறது.

மதுரை அத்தை: போச்சு எக்கா? பேரிலேயே போச்சு என்று சொல்லிவிட்டார்களே, அப்புறம் என்ன.

தம்பி (பெங்களூரு): போச்டு, அத்தை. ஓடு இல்லாமல் வெந்நீரில் உடைத்து ஊற்றி வேகவைப்பது. வெள்ளை பஞ்சு மாதிரி இருக்கும், மஞ்சள் குத்தினால் ஓடும்.

அண்ணி: தம்பி, எதில் ஊற்றினீர்கள்? தண்ணீர் எவ்வளவு?

தம்பி (பெங்களூரு): காபி மக். குழாய்த் தண்ணீர் கொஞ்சம். 200 டிகிரி, 5 நிமிடம்.

அண்ணி: அங்கேதான் தப்பு. பீங்கான் மக் சூடாகவே நேரம் பிடிக்கும், தண்ணீரும் பச்சைத் தண்ணீர். கம்பிச் சுருள் இருப்பது மேலே, அங்கிருந்துதான் காற்றாடி அனலை அடிக்கிறது. மேல்பக்கம் காய்ந்து தோலாகிவிட்டது, அடியில் சூடே போகவில்லை.

நான்: நீங்கள் எப்படிச் செய்வீர்கள் அண்ணி?

அண்ணி: பாயசக் கிண்ணம், எவர்சில்வர். உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் தடவிவிடுவேன். கெட்டிலில் கொதித்த தண்ணீர் கால் டம்ளர் ஊற்றி, கிண்ணத்தை மட்டும் 180-இல் 3 நிமிடம் ஓடவிடுவேன். அப்புறம்தான் முட்டை. மேலே சின்ன எவர்சில்வர் மூடி. 5 நிமிடத்தில் திறந்து கிண்ணத்தை லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளை ஆடக் கூடாது, மஞ்சள் மட்டும் தளதளவென்று ஆட வேண்டும்.

தம்பி (பெங்களூரு): மூடி இல்லை. அலுமினியத் தாள் போடலாமா?

அண்ணி: ஐயோ வேண்டாம். போன வருடம் சும்மா மேலே வைத்தேன், காற்றில் கிளம்பிப் போய்க் கம்பிச் சுருளில் ஒட்டிக்கொண்டது. வீடெல்லாம் கருகல் வாடை. உங்கள் அண்ணன் சிலிண்டர் வெடிக்கப் போகிறது என்று வாசலுக்கே ஓடிவிட்டார்.

நான்: அது அண்ணன்.

ஈபி சித்தப்பா: எல்லாம் சரி. எந்தப் பிளக்கில் சொருகியிருக்கிறாய்?

தம்பி (பெங்களூரு): எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சித்தப்பா. லேப்டாப், கெட்டில் எல்லாம் அதில்தான்.

ஈபி சித்தப்பா: முதலில் கழற்று. 1500 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சின்னப் பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்குத்தான். கெட்டிலும் சேர்ந்தால் ஒயர் இளகிவிடும். கீசருக்கோ ஏசிக்கோ பெரிய பாயிண்ட் இருக்கும், அதில் போடு.

தம்பி (பெங்களூரு): கழற்றிவிட்டேன். கரண்டு பில் எவ்வளவு வரும்?

ஈபி சித்தப்பா: ஒரு முட்டைக்கு 8 நிமிடம் என்றால் 0.2 யூனிட். பில்லுக்குப் பயப்படாதே, ஒயருக்குப் பயப்படு.

அம்மா: முட்டை வாங்கி எத்தனை நாள் ஆகிறது?

தம்பி (பெங்களூரு): இரண்டு வாரம் இருக்கும்.

அம்மா: ஃப்ரிட்ஜிலா?

தம்பி (பெங்களூரு): ஜன்னல் ஓரத்தில்.

அம்மா: டம்ளர் தண்ணீரில் ஒன்றைப் போட்டுப் பார்.

தம்பி (பெங்களூரு): படுக்கவில்லை. நட்டுக்குத்தலாக நிற்கிறது.

அம்மா: பழசு. உள்ளே காற்று ஏறிவிட்டது, வெள்ளையும் நீர்த்துப் போயிருக்கும். அதுதான் ஒழுகுகிறது. மிதந்தால் தூக்கிப் போட வேண்டும், நின்றால் நன்றாகச் சுட்ட ஆம்லெட்டுக்கு ஆகும். அரை வேக்காட்டுக்கு ஆகாது. கீழே கடையில் புதுசாக இரண்டு வாங்கிக்கொள்.

அண்ணி: உங்கள் அம்மா சொல்வது சரி. புது முட்டையிலும் கொஞ்சம் நீர் வெள்ளை இருக்கும் தம்பி. டீ வடிகட்டியில் உடைத்து ஊற்றி ஒரு நிமிடம் விடுங்கள், நீர் மட்டும் கீழே போய்விடும், கெட்டி நிற்கும். அதைக் கிண்ணத்தில் சரியுங்கள். நூல் நூலாகப் பிரியாது.

காலை 8.15

மதுரை அத்தை: (குரல் பதிவு, 3.52)

நான்: அத்தை, நான்கு நிமிடமா? ஆபீஸ் வேலையில் இருக்கிறேன். யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

மதுரை அத்தை: ஞாயிற்றுக்கிழமை என்னடி ஆபீஸ்? சரி, டைப் அடிக்கிறேன். இது ஒன்றும் புதுசு இல்லை. நம் வீட்டில் உடைத்து ஊற்றின முட்டைக் குழம்பு வைப்போமே, அதுதான் இது. குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது தணலைக் குறைத்து, கிண்ணத்தில் உடைத்த முட்டையை ஓரமாகச் சரிக்க வேண்டும். கரண்டியே போடக் கூடாது. மூடி ஐந்து நிமிடம். உருண்டையாக நிற்கும். ஆறின குழம்பில் ஊற்றினால் கரைந்து போய்க் குழம்பே கலங்கிவிடும். உன் மக்கில் நடந்தது அதுதான்.

அண்ணி: மதுரைப் பெரியம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். வேகவைப்பது சூடான தண்ணீர்தான், காற்று இல்லை.

மதுரை அத்தை: நீ இந்த ஒழுகுற மஞ்சளைச் சாப்பிடாதே தாயி. ஆறாம் மாதம்.

அண்ணி: டாக்டரும் அதைத்தான் சொன்னார். சால்மொனெல்லா கிருமி பயம். எனக்கு முழுதாக இறுகும்வரை வைக்கிறேன். 10 நிமிடம் கூட ஆகும்.

தம்பி (பெங்களூரு): ஓடுற மஞ்சளுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்?

அண்ணி: வெள்ளை 62 டிகிரி வாக்கில் கெட்டியாக ஆரம்பிக்கும், நன்றாக இறுக 80 வேண்டும். மஞ்சள் 65 தாண்டினாலே இறுகத் தொடங்கும். வெள்ளைக்குக் காத்திருந்தால் மஞ்சள் போய்விடும், மஞ்சளுக்குப் பயந்தால் வெள்ளை சளியாக நிற்கும். எடுத்த பிறகும் கிண்ணத்துச் சூட்டில் வெந்துகொண்டே இருக்கும், உடனே கரண்டியால் அள்ளித் தட்டில் வைத்துவிடுங்கள்.

காலை 9.02

தம்பி (பெங்களூரு): (படம்)

தம்பி (பெங்களூரு): டிபன் பாக்ஸ் கிண்ணம், அதன் மூடி, கொதித்த தண்ணீர், ஏசி பாயிண்ட். 5 நிமிடத்தில் வெள்ளை ஆடியது, இன்னும் ஒரு நிமிடம் விட்டேன். குத்தினேன். ஓடியது!

நான்: அட, கடையில் வாங்கினது மாதிரி இருக்கிறதே.

ஈபி சித்தப்பா: சுவிட்சை அணைத்தாயா?

தம்பி (பெங்களூரு): அணைத்துவிட்டேன். ஆனால் ருசி ஒன்றும் இல்லை சித்தப்பா. வெந்நீர் வாடைதான். மிளகுத்தூளும் இல்லை.

மதுரை அத்தை: தண்ணீரில் வெந்தால் தண்ணீர் ருசிதான் வரும். குழம்பை ஊற்று.

தம்பி (பெங்களூரு): குழம்புக்கு எங்கே போவேன்? அம்மா கொடுத்த தக்காளித் தொக்கு இருக்கிறது.

அண்ணி: அதுவே போதும். கொதித்த தண்ணீர் விட்டுக் குழம்புப் பதத்துக்குக் கரைத்து, கிண்ணத்தோடு 180-இல் ஓரத்தில் குமிழ் வரும்வரை வையுங்கள். நடுவில் குழி பறித்து முட்டை. தொக்கு கெட்டி என்பதால் நேரம் கூடும், 7 நிமிடத்தில் பாருங்கள்.

காலை 9.34

தம்பி (பெங்களூரு): (படம்) எட்டு நிமிடம். பிரெட் தொட்டுச் சாப்பிட்டேன். கிண்ணத்தை வழித்து நக்கியாகிவிட்டது.

மதுரை அத்தை: உப்பு?

தம்பி (பெங்களூரு): தொக்கில் இருப்பதை மறந்து முட்டை மேலும் தூவிவிட்டேன். கொஞ்சம் கரித்தது.

அம்மா: மாசம் முழுக்க வருவதுக்குத் தொக்கு கொடுத்தேன். இன்றைக்குத் தேதி 9. எவ்வளவு மீதி இருக்கிறது?

தம்பி (பெங்களூரு): (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

அம்மா: நீக்குவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன்.