'பிரசென்ஸ்' என்பதற்கு 'இவண்மை' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். கணினி காட்டும் மெய்நிகர் உலகில் ஹெட்செட்டை மாட்டியவருக்கு 'நான் இந்த இடத்தில்தான் இருக்கிறேன்' என்று தோன்றும் உணர்வைத்தான் ஆங்கிலத்தில் 'பிரசென்ஸ்' (presence) என்கிறார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல் என்பதே கேள்வி.

"ஹெட்செட்டை மாட்டியதும் அந்த உலகத்தோடு ஒன்றிவிடுகிறோம், எனவே 'ஒன்றிப்பு' போதும்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான். ஆனால் அறமுடிவுகளைப் பற்றி எழுதும்போது அது இடறும். ஒன்றுவது என்றாலே தமிழில் மனம் இளகிச் சேர்வது. கருவியை மாட்டினால் இரக்கம் தானாக வந்துவிடும் என்று அந்தச் சொல்லே முடிவுகட்டிவிடுகிறது.

சோதனைகளில் அப்படித் தெரியவில்லை. மேலே இருப்பவர் சொன்னால் மனிதர் இன்னொருவருக்கு எவ்வளவு தூரம் வலி கொடுப்பார்கள் என்று பார்த்தது மில்கிராமின் மின்னதிர்ச்சிச் சோதனை. 2006இல் மெய்நிகர் உலக ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர் குழுவினர் அதை மெய்நிகர் உலகில் நடத்தினார்கள். தவறான விடை சொல்லும் பெண்ணுக்கு அதிர்ச்சி கொடுக்க வேண்டும். அவள் வெறும் கணினி உருவம் என்று பங்கேற்ற 34 பேருக்கும் தெரியும். எழுத்து வழியாக மட்டும் அவளிடம் பேசிய 11 பேரும் 20 அதிர்ச்சிகளையும் கொடுத்து முடித்தார்கள். அவளைப் பார்த்து, குரலையும் கேட்ட 23 பேரில் 6 பேர் முடிக்காமலே நிறுத்திவிட்டார்கள். சரி, இது இரக்கத்தின் பக்கம். ஆனால் ஒருவரைப் பாலத்திலிருந்து தள்ளி, ஓடிவரும் வண்டியிலிருந்து ஐந்து பேரைக் காப்பாற்றலாமா என்ற ட்ராலிச் சிக்கலை 2016இல் மெய்நிகர் உலகில் வைத்துப் பார்த்தபோது, தாளில் படித்துவிட்டுத் 'தள்ளலாம்' என்றவர்களைவிட மெய்நிகர் பாலத்தில் நின்று தள்ளியவர்களே மிக அதிகம்.

ஆக, மனம் எந்தப் பக்கமும் சாயலாம். "அங்கே ஒருவர் என்ன செய்யலாம்?" என்பது "இங்கே நான் என்ன செய்கிறேன்?" என்று ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். கலைச்சொல்லும் அதை மட்டும் சொன்னால் போதும்.

'பிரசென்ஸ்' என்பதற்கு 'இருப்பு' என்று வைத்தால், அது கடைக்கணக்கையும் இருத்தலியலையும் கூடவே இழுத்து வருகிறது. 'அங்கிருப்பு' வெளியே நின்று பார்ப்பவரின் சொல். மாட்டியிருப்பவருக்கு அது 'இங்கே'. அதனால்தான் 'இவண்மை' என்கிறேன். கடிதத்தில் கையெழுத்துக்கு மேலே எழுதுகிறோமே, அதே 'இவண்'. அப்புறம், கருவி தருகிற மூழ்கலை (immersion) இந்த உணர்வோடு குழப்ப வேண்டாம். காட்சியின் அகலம், தலை திரும்பினால் படம் திரும்பும் வேகம் என்று அதை வெளியிலிருந்தே அளந்துவிடலாம்.

ஸ்லேட்டர் 2009இல் இன்னொரு பிரிவும் செய்தார்: அந்த இடத்தில் இருக்கிறோம் என்ற உணர்வு ஒன்று, நடப்பது மெய்யாகவே நடக்கிறது என்ற உணர்வு வேறு. அந்த 6 பேரின் கையைத் தடுத்தது இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'இவண்மை' முதலாவதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். இரண்டாவதற்கு 'நிகழ்மெய்ம்மை' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் எளிதாக வரவில்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.