மறு: புஷ் = தள்ளு? ‘செலுத்து’ என்று வைப்போமே

வணக்கம். நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் ‘கிட்’ (Git) கருவியின் சொற்களைத் தமிழாக்கும் பேச்சில் ஒருவர் எழுதியிருந்தது:

> கமிட் = ஒப்படை, புஷ் = தள்ளு. இரண்டும் எளிது, எல்லோருக்கும் புரியும்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கமிட் என்பது மாற்றங்களை நம் கணினியில் பதிவது, புஷ் என்பது அந்தப் பதிவுகளைத் தொலைவில் உள்ள பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்புவது. போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், “ஒப்படைச்சுட்டேன் அண்ணா, ஆனா களஞ்சியத்துல காணோமே” என்று வந்து நின்றார். நிலையைக் காட்டும் ‘கிட் ஸ்டேட்டஸ்’ கட்டளையைக் கொடுக்கச் சொன்னேன். ஆரிஜின்/மெயினைவிட (தொலைக் களஞ்சியத்தின் ‘மெயின்’ கிளை; கிளை என்பது பதிவுகளின் ஒரு தொடர்) 3 கமிட் முன்னால் இருப்பதாகக் காட்டியது. மூன்றும் அவர் கணினியிலேயே இருந்தன. புஷ் கொடுக்கவே இல்லை. அவரைக் குறைசொல்ல முடியாது. சாவியை ஒப்படைத்துவிட்டேன் என்றால் சாவி கைமாறிவிட்டது என்றுதானே பொருள்? சப்வெர்ஷன் என்ற இதேபோன்ற கருவியில் கமிட் நேரே சர்வருக்குப் போய்விடும், அங்கே இந்தச் சொல் பொருந்தும். 2005இல் வந்த கிட்டில் கமிட் நம் கணினியைத் தாண்டுவதில்லை. ‘பதி’, ‘பதிவு’ போதும்.

‘தள்ளு’ இன்னும் சிக்கல். மனு தள்ளுபடி, தள்ளிவிட்டார்கள் என்றெல்லாம் மறுப்பதற்கும் அதே சொல்தான். புஷ் மறுக்கப்படும்போது வரும் பிழைச்செய்தியை எப்படி எழுதுவது? ‘தள்ளல் தள்ளப்பட்டது’ என்றா?

என் பரிந்துரை ‘செலுத்து’. வண்டியோ கட்டணமோ, செலுத்தினால் அது போய்ச்சேர ஓர் இடம் உண்டு. அப்புறம், இன்னும் புஷ் ஆகாத கமிட்டுக்கு ‘செல்லாப் பதிவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். செல்லாத ஓட்டு, செல்லாத காசு நினைவுக்கு வருகிறது. பதிவே பழுது என்று ஆகிவிடும். ‘நிலுவைப் பதிவு’ என்போம். நிலுவையைச் செலுத்துவது ஏற்கெனவே நம் பேச்சில் இருப்பதுதான். “உங்கள் கிளையில் 3 பதிவுகள் நிலுவை” என்று வந்திருந்தால் அந்தத் தம்பி என்னிடம் வந்திருக்கவே மாட்டார். ‘கிட் லாக் ஆரிஜின்/மெயின்..’ என்ற கட்டளை காட்டுவதும் நிலுவைப் பட்டியல்தான்.

மறுப்புச் செய்தியில் காரணமும் சேர்ந்தே வரட்டும்: “செலுத்தல் ஏற்கப்படவில்லை. உங்களிடம் இல்லாத பதிவுகள் தொலைக் களஞ்சியத்தில் உள்ளன. முதலில் அவற்றைக் கொணருங்கள்.” இதைப் படிப்பவர், மறுப்பை மீறி அனுப்பும் ‘ஃபோர்ஸ்’ போட்டு அடுத்தவர் பதிவுகளை அழிக்கும் முன் ஒரு நிமிடமாவது யோசிப்பார். ‘ஃபோர்ஸ்’ஐ ‘வலிந்து செலுத்து’ எனலாம்.

ஓர் இடத்தில் மட்டும் ‘நிலுவை’ போதவில்லை. ஹெட் (நாம் இப்போது எந்தப் பதிவில் நிற்கிறோம் என்று காட்டும் குறி) எந்தக் கிளையிலும் இல்லாமல் தனித்து நிற்கும்போது பதிகிறோம். பிறகு ‘புஷ் ஆரிஜின் மெயின்’ கொடுத்தால், மெயின் கிளையில் புதிதாக எதுவும் இல்லாததால், எல்லாம் சரியாக இருப்பதாகவே பதில் வருகிறது. பதிவோ எந்தக் கிளையிலும் சேராமல் நிற்கிறது. கிளை வைத்துப் பிடித்துக்கொள்ளாவிட்டால் நாளடைவில் கிட் கருவியே அதைத் துப்புரவு செய்துவிடும். இதற்கு ‘கிளைசேராப் பதிவு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் கொஞ்சம் நீளம். இதைவிடச் சின்னதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.