ஏற்காட்டில் ஆறு மேசை இத்தாலியக் கடை: ஒயின் கேட்பவர்களுக்கு என்ன கொடுப்பது?

மேட்டுக்கடை எழுதியது:

வணக்கம். ஏற்காடு ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ஒரு காபித் தோட்டத்தை ஒட்டி, நானும் என் தம்பியும் சின்னதாக ஓர் உணவகம் நடத்துகிறோம். ஆறு மேசை, இத்தாலியச் சாப்பாடு. பீட்சா கிடையாது. அதற்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு விளக்கம் சொல்லித் தொண்டை வற்றுகிறது.

மெனுவைப் பருவத்துக்குப் பருவம் மாற்றுகிறோம். சேலம் உழவர் சந்தையில் அந்த வாரம் எது இளசாக வருகிறதோ, மலையில் எது காய்க்கிறதோ, அதை எடுத்துக்கொண்டு, இதே மாதிரிக் காயை இத்தாலியில் எந்த வட்டாரத்துக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். தை மாதம் பரங்கிக்காய் குவியும்போது மாந்தோவா ஊரின் பரங்கி தொர்தெல்லி (உள்ளே பூரணம் வைத்த பாஸ்தா). முள்ளங்கிக் கீரை கிடைக்கும்போது பூலியாவின் ஓரெக்கியெத்தே (காது வடிவச் சின்ன பாஸ்தா). ஆடி, ஆவணியில் பேரிக்காய். மாம்பழத்தை மட்டும் தொடுவதில்லை. சேலத்துக்காரர்களுக்கு மல்கோவாவை வேறு வேஷம் போட்டுக் கொடுத்தால் மேசையிலேயே சண்டை வரும்.

இப்போது தலைவலி ஒயின்தான். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் உட்கார்ந்ததும் ஒயின் லிஸ்ட் கேட்கிறார்கள். இல்லை என்றதும் முகம் தொங்கிவிடுகிறது. போன வாரம் ஒருவர் காரிலிருந்து பாட்டிலையே எடுத்து வந்துவிட்டார். தம்பி கெஞ்சித் திருப்பி அனுப்பினான். இந்தப் பக்கம் சேலத்திலிருந்து பாட்டி, குழந்தைகளோடு வருகிற குடும்பங்களுக்கோ ஒயின் என்ற பேச்சைக் கேட்டாலே சங்கடம்.

ஒயின் இல்லாமலே சாப்பாட்டுக்கும் பானத்துக்கும் அந்தப் பொருத்தத்தைக் கொண்டுவர முடியுமா? திராட்சை ஜூஸை ஒயின் கிளாஸில் ஊற்றிக் கொடுத்துவிடலாம் என்கிறான் தம்பி. எனக்கு அது நாடகம் போடுவது மாதிரி இருக்கிறது. அப்புறம், இந்தச் சாப்பாட்டோடு அந்த ஊரில் இன்ன ஒயின் குடிப்பார்கள் என்று மெனுவில் ஒரு வரி போடலாமா? அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி_ஆடிட்டர் எழுதியது:

பாட்டிலைத் திருப்பி அனுப்பியது ரொம்பச் சரி. தமிழ்நாட்டில் ஒயினும் மது என்ற கணக்கில்தான் வரும். மன்றங்களுக்கு எஃப்.எல்.2, நட்சத்திர ஓட்டல்களுக்கு எஃப்.எல்.3 என்று உரிமம் இருக்கிறது. ஆறு மேசைக் கடைக்கு அந்தப் பக்கம் கதவே இல்லை. பாட்டில் வாடிக்கையாளருடையதாக இருந்தாலும் இடம் உங்களுடையது. 1937 மதுவிலக்குச் சட்டத்தை எடுத்துக்கொண்டு வருகிறவர் முதலில் உங்களைத்தான் தேடுவார். பாட்டில் திறந்து கொடுக்க ஒரு கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பெங்களூர்ப் பழக்கத்தைச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டு ஒயின் போட்டு விற்பதற்கும் இதே பதில்தான்.

மெனுவில் ஒயின் பெயர் வேண்டாம். யாராவது விளம்பரம் என்று கிளப்பினால் வீண் அலைச்சல். கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்லுங்கள்.

சூரமங்கலம்_அடுப்பு எழுதியது:

நான் வடக்கு இத்தாலியில் பியமோந்தே பகுதியில், ஆல்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓஸ்டேரியாவில் சமையல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். நம் ஊர் மெஸ் அளவுதான் இருக்கும் அந்தக் கடை. அங்கே டஸ்கனி ஒயின் கேட்டால் முதலாளியம்மா உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அன்றாடம் மதியத்துக்கு தோல்செத்தோ, கொழுப்புள்ள சாப்பாடு என்றால் பர்பேரா, யாருக்காவது கல்யாண நாள் என்றால் பரோலோ. மூன்றும் சுற்றுவட்டக் குன்றுகளில் விளைந்த ஒயின்கள். இலையுதிர் காலத்தில் வெள்ளைத் திரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் வாசனைக் காளான்) வந்துவிட்டால் வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். குளிர் இறுகியதும் பாஞ்ஞா கவுதா: பூண்டையும் உப்பிட்ட நெத்திலியையும் எண்ணெயில் உருக்கி, சூடாக நடுவில் வைத்து, காய்களைத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். அதற்கும் பர்பேராதான். புளிப்பு கூடுதல், துவர்ப்பு குறைவு, அதனால் எண்ணெயை வழித்துக்கொண்டு போகும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு அக்கா. எந்த ஒயின் என்று யோசிக்காதீர்கள். அந்தத் தட்டில் ஒயின் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். வெண்ணெயை அறுக்கிறதா, உப்பைத் தணிக்கிறதா, இறைச்சிக் கொழுப்புக்குத் துவர்ப்பு கொடுக்கிறதா? அந்த வேலையைச் செய்ய மலையில் ஆள் இருக்கிறது.

உங்கள் பரங்கி தொர்தெல்லியையே எடுத்துக்கொள்வோம். மாந்தோவாவில் உள்ளே பரங்கிக்காயோடு அமரெத்தி பிஸ்கட்டை நொறுக்கிப் போடுவார்கள், கடுகுக் காரம் ஏறிய பழ மொஸ்தார்தா கொஞ்சம், சீஸ் கொஞ்சம். மேலே வெண்ணெய். இனிப்பும் கொழுப்பும் சேர்ந்த சாப்பாடு. அதற்கு அவர்கள் குடிப்பது லம்புரூஸ்கோ: சிவப்பு, லேசாக நுரைக்கும், நல்ல புளிப்பு. தொர்தெல்லியோடு குடிப்பது இனிப்பில்லாத வகை. அந்த நுரையும் புளிப்பும்தான் வெண்ணெயைத் துடைத்து அடுத்த வாய்க்கு இடம் பண்ணுகிறது. கடையில் விற்கும் திராட்சை ஜூஸ் இங்கே உதவாது. இனிப்பின் மேல் இனிப்பு ஏறி நாலாவது வாயில் திகட்டிவிடும்.

கம்பம் பன்னீர் திராட்சை வாங்குங்கள். தோலும் விதையுமாகக் கையால் பிசைந்து (மிக்ஸி வேண்டாம், விதை உடைந்து கசக்கும்) ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். தோலிலிருந்து நிறமும் கொஞ்சம் துவர்ப்பும் இறங்கும். காலையில் வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, பரிமாறும்போது ஒரு பங்கு சாறுக்கு இரண்டு பங்கு சோடா. சர்க்கரை கூடவே கூடாது. ஒயின் கிளாஸ் விஷயத்தில் தம்பியைவிட உங்கள் பேச்சுதான் சரி. லம்புரூஸ்கோ விளையும் எமிலியா வட்டாரத்தில் அந்தக் காலத்து வீடுகளில் லம்புரூஸ்கோவையே பீங்கான் கிண்ணத்தில்தான் ஊற்றிக் குடித்தார்கள். நீங்கள் எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தாலும் ஒரு மரியாதையும் குறையாது.

ஓரெக்கியெத்தேவுக்கு முள்ளங்கிக் கீரை நல்ல தேர்வு. பூலியாக்காரர்கள் போடும் சீமெ தி ராப்பா என்ற கீரையும் அதே குடும்பம், அதே மெல்லிய கசப்பு. மாவில் முட்டை கிடையாது. கோதுமை ரவை மாவும் தண்ணீரும்தான். புரட்டாசியிலும் ஐயப்ப மாலை போடும் கார்த்திகையிலும் உங்களைக் காப்பாற்றப் போவது இதுதான். அங்கே சேர்க்கும் நெத்திலியை விட்டுவிட்டு, ரொட்டித்தூளை எண்ணெயில் பூண்டோடு பொரித்து மேலே தூவுங்கள். அங்கே இதற்குத் துவர்ப்பு ஏறிய சிவப்பு ஒயினைத் தவிர்ப்பார்கள், கீரையின் கசப்பு இரட்டிப்பாகிவிடும் என்று. வெள்ளை, அல்லது சலெந்தோ பக்கத்து ரோசாத்தோ (இளஞ்சிவப்பு ஒயின்). நீங்கள் கொடுக்க வேண்டியது சர்க்கரை போடாத உப்பு எலுமிச்சை சோடா. வெட்கமே வேண்டாம், அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை.

சைவ விஷயம் என்றதும் இன்னொன்று. அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலைத் திரிக்கப் போடுவது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். விதியே அப்படித்தான். புரட்டாசி விரதக்காரர்களுக்குச் சொல்லாமல் துருவிப் போடாதீர்கள். நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்த இந்திய சீஸ்கள் இருக்கின்றன, அவை போதும்.

ஆர்ட்டிசோக் (மடல் மடலாக இருக்கும் ஒரு பூமொட்டு) டின் வாங்கி வைத்திருந்தால் அதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். வசந்தத்தில் ரோமில் அதைப் புதினா, பூண்டு போட்டு எண்ணெயில் வேகவைப்பார்கள், பிரமாதமாக இருக்கும். ஆனால் ஒயினுக்கு அது ஜன்ம விரோதி. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்குமே, அதே வித்தை. பின்னால் வரும் ஒயின் அசட்டுத் தித்திப்பாகிவிடும். ரோமாக்காரர்கள் அதைப் பொருட்படுத்தாமல் பிரஸ்காத்தி ஒயின் குடிப்பார்கள், அது வேறு கதை. உங்களுக்கு வாழைப்பூ இருக்கிறது. உள்மடல் வெள்ளையாக இருக்கும் பகுதியை மோரில் போட்டு வைத்திருந்து, அப்படியே ரோமா முறையில் புதினாவோடு மூடி வேகவையுங்கள். அதற்குப் பக்கத்தில் வெறும் தண்ணீர். எல்லாத் தட்டுக்கும் ஒரு ஜோடி தேட வேண்டும் என்று சட்டம் இல்லை.

பேரிக்காய்தான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பியமோந்தேயில் மார்த்தின் செக் என்று சின்னதாக, கல் மாதிரி ஒரு பேரி. பச்சையாகக் கடித்தால் பல்லுக்குச் சோதனை. சிவப்பு ஒயினில் கிராம்பு, பட்டை போட்டு மெல்லிய தீயில் வேகவைத்தால் செந்நிறமாகிக் கரண்டியில் நழுவும். ஏற்காட்டு நாட்டுப் பேரிக்காயும் அந்த ஜாதிதான், வெந்தாலும் குழையாது. பன்னீர் திராட்சைச் சாற்றில் மலை மிளகைத் தட்டிப் போட்டு வேகவையுங்கள், மிஞ்சிய சாற்றைச் சுண்டவைத்து மேலே ஊற்றுங்கள். இன்னொரு தட்டில் பச்சைப் பேரியைச் சீவி சீஸோடு வைக்கலாம். சீஸும் பேரிக்காயும் சேர்ந்தால் எவ்வளவு ருசி என்று குடியானவனிடம் சொல்லிவிடாதே என்று அங்கே ஒரு பழமொழி உண்டு. சொன்னால் பேரி ஒன்றுகூட எஜமானுக்கு மிஞ்சாதாம்.

நாகலூர்_தோட்டம் எழுதியது:

அடுப்பு சார் காபியை விட்டுவிட்டார். கார்த்திகையிலிருந்து தை வரை எங்களுக்குப் பழம் பறிப்பு. பல்பர் (பழத்தோலை உரிக்கும் இயந்திரம்) ஓட்டியதும் தோல் மலையாகக் குவிந்து குப்பைக் குழிக்குப் போகிறது. மருந்து அடிக்காத பகுதியின் பழுத்த பழத்தோலை மட்டும் தனியாக எடுத்து, அன்றைக்கே வலையில் பரப்பிக் காயவைத்தால் (ஒரு நாள் குவித்து வைத்தாலும் புளித்துவிடும்) வெந்நீரில் டீ மாதிரிப் போடலாம். உலர்திராட்சை வாசனை, லேசான புளிப்பு, பின்னால் கொஞ்சம் துவர்ப்பு. ஆறவைத்துக் குளிரக் கொடுத்தால் மெல்லிய சிவப்பு ஒயினின் இடத்தில் தாராளமாக உட்காரும். காளான் பாஸ்தாவுக்குக் கொடுத்துப் பாருங்கள். காஃபீன் இருக்கிறது, ராத்திரி சாப்பாட்டில் குழந்தைகளுக்கு வேண்டாம்.

மழைக்காலத்தில் பெஸ்தோ (துளசி இலையை அரைத்த சாஸ்) போடுகிறீர்களா? எங்கள் வேலியோரம் திருநீற்றுப்பச்சிலை மண்டிக் கிடக்கிறது. ஜெனோவாக்காரர்கள் அரைக்கும் துளசியும் இந்தச் செடியும் ஒரே இனம், ரகம்தான் வேறு. நம்முடையதில் நெடி தூக்கலாக இருக்கும். பூ விடுவதற்கு முன் நுனி இலையாகக் கிள்ளினால் அடங்கும். வந்து பறித்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

ஹெப்பாள்_ஞாயிறு எழுதியது:

முகம் தொங்கும் கூட்டத்தில் நானும் ஒருவன், அதனால் எதிர்த்தரப்பு வாதம். சோடா நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒயின் ஆசையில் வருகிறவனுக்கு அது சமாதானம் ஆகாது. மேசை முன்பதிவு செய்யும்போதே இங்கே மது இல்லை என்று சொல்லிவிடுங்கள். மலை ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவு சுற்றி வந்து உட்கார்ந்த பிறகு தெரிந்தால்தான் கோபம். கேட்கிறவர்களிடம் வீட்டில் போய் இதே சாப்பாட்டை எதோடு சாப்பிடலாம் என்று சொல்லி அனுப்புங்கள். மகாராஷ்டிரத்தில் அக்லூஜ் பக்கம் ஃப்ராத்தெல்லி என்ற ஒயின் கம்பெனிக்காரர்கள் சாஞ்சோவேசே திராட்சையே வளர்க்கிறார்கள். டஸ்கனியின் கியாந்தி அந்தத் திராட்சைதான். தக்காளி சாஸுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

மேட்டுக்கடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முன்பதிவு போனிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு. மெனுவில் ஒயின் பெயர் வராது. கேட்டால் நான் சொல்வேன். நாகலூர் சார், புதன்கிழமை தம்பியை அனுப்புகிறேன்.

அடுப்பு அண்ணா, இன்னும் இரண்டு சந்தேகம். கோடை விழாச் சமயத்தில் கூட்டம் நெரிகிறது, அப்போது காய்கறியில் எனக்கு ஒன்றும் தோன்றமாட்டேன் என்கிறது. அப்புறம் அந்தத் திராட்சைச் சாற்றை வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமாகப் போட்டு வைத்துக்கொள்ளலாமா? கம்பத்துப் பழம் எங்களுக்குத் தினம் வராது.

சூரமங்கலம்_அடுப்பு எழுதியது:

மே மாதம் தக்காளியைப் பிடியுங்கள். டஸ்கனியில் பாப்பா அல் பொமதோரோ என்று, பழைய ரொட்டியைத் தக்காளியில் கரைத்து, பூண்டும் துளசி இலையும் போட்டு, கஞ்சிப் பதத்தில் வெதுவெதுப்பாகக் கொடுப்பார்கள். காலையிலேயே ஒரு பெரிய பாத்திரத்தில் செய்து வைத்துவிடலாம், கூட்டத்துக்கு அசராது. மேலே ஊற்றும் ஆலிவ் எண்ணெயில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தக்காளி விலை எகிறும் வாரத்தில் கூச்சப்படாமல் பலகையிலிருந்து அழித்துவிடுங்கள். மாம்பழத்தைத் தொடுவதில்லை என்று சொன்னீர்களே, சீவி அப்படியே தட்டில் வையுங்கள்; இத்தாலிக்காரனும் சாப்பாடு முடிந்ததும் பழம்தான் சாப்பிடுகிறான்.

சாற்றை வாரக்கணக்கில் வைக்க முடியாது. தோலில் இயற்கையாகவே ஈஸ்ட் உட்கார்ந்திருக்கிறது, ஃபிரிட்ஜிலும் மெதுவாக வேலை செய்யும். இரண்டு நாளுக்கு வேண்டியதை மட்டும் பிசையுங்கள். மிச்சப் பழத்தைக் கழுவித் துடைத்து ஃப்ரீசரில் போட்டுவிட்டால் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம், உறைந்து இளகிய பழம் நிறத்தையும் நன்றாக விடும். சோடா ஊற்றாமலே சாறு தானாக நுரைக்கிறது என்றால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். வைத்திருந்தால் ஆடிட்டர் சார் சொன்ன சட்டம் உங்கள் ஃபிரிட்ஜுக்குள்ளேயே வந்துவிடும்.