மிச்ச சிமெண்ட் மறுபடி மறுபடி கட்டி தட்டுது
வேளச்சேரில கிரவுண்ட் ஃப்ளோர் வீடு. ஆகஸ்ட்ல பாத்ரூம் ரிப்பேருக்கு வாங்குன 50 கிலோ பிபிசி (PPC, ஃப்ளை ஆஷ் மாதிரி சாம்பல் கலந்த வகை) சிமெண்ட் மூட்டைல ஒரு 20 கிலோ மிஞ்சிச்சு, வாய கயித்தால கட்டி மாடிப்படிக்கு அடில வெறும் தரைலயே வச்சுட்டேன், அதான் தப்பு. மழை ஆரம்பிச்சதும் அடிப்பக்கம் பூரா கட்டி. அத தூக்கிப் போட்டுட்டு மீதிய டபுள் பாலிதீன் கவர்ல சுத்தி, மூடி உள்ள 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்ல அடைச்சு, செங்கல் மேல பலகை போட்டு வச்சேன், செருப்பு டப்பால வந்த, ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பாக்கெட்டயும் உள்ள போட்டேன். மூணு வாரம் கழிச்சு நேத்து தொறந்தா கோலிக்குண்டு சைஸ்ல உருண்டை உருண்டையா இருக்கு. பாதி விரல்ல நசுக்குனா மாவாகுது, மீதி சுத்தியல் கேக்குது. கொத்தனார்ட்ட கேட்டா புதுசா வாங்குங்க சார்னு ஒரே பதில்.

காம்பவுண்ட் சுவர்ல ரெண்டடிக்கு பூச்சு பேந்து கெடக்கு. நசுங்குறத மட்டும் சலிச்சு அதுல பூசுனா நிக்குமா?